கூப்பனும் கோலமும்: போர்க்காலப் பலேயில் ஆடையின் இடம்

ஆடற்கலை பற்றிய திறனாய்வுகளில் ஆடை பெரும்பாலும் கடைசிப் பந்தியில் வந்துபோகும் பொருளாகவே இருந்துவந்துள்ளது. அசைவும் இசையும் கதையும் ஆடுவோர் திறனும் விரிவாக ஆராயப்பட்ட பின், 'உடையமைப்பும் சிறப்பாக இருந்தது' என்ற ஒரு வாக்கியத்தோடு அது கைவிடப்படும். நாட்டிய சாத்திர மரபோ அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆகார்யம், சாத்துவிகம் என நான்காக வகுத்தபோது, உடையையும் ஒப்பனையையும் உள்ளடக்கிய ஆகார்யத்தை ஏனைய மூன்றோடும் சேர்த்தே எண்ணியது. உடையும் பொருள் உணர்த்தும் ஒரு மொழி என்பது அவ்வகுப்பின் உட்கிடை. அம்மொழிக்கு வேண்டிய துணியும் நூலும் தோலும் ஒரு நாட்டில் திடீரென அருகிப்போகுமானால் அக்கலைக்கு என்ன நேரும் என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

இரண்டாம் உலக மகாயுத்தகாலப் பிரித்தானியப் பலே நடனம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களம். பலே ஐரோப்பிய அரசவைகளிற் பிறந்து வளர்ந்த கலை. பட்டும் சரிகையும் மெல்லிய வலைத்துணியும் அதன் பிறப்புரிமைபோலக் கருதப்பட்டன. அத்தகைய கலை, துணியை அளந்து பங்கிடும் அரசொன்றின் கீழ் ஏறத்தாழ எட்டாண்டு காலம் வாழவேண்டியதாயிற்று. அதன் விளைவாகப் பலே ஆடம்பரத்தைத் துறந்து எளிமையைக் கற்றுக்கொண்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. போர் கலைக்கு எளிமையைப் போதித்தது என்னும் இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை என்பதே இங்கு நோக்கப்படுகிறது.

ஒல்லாந்தில் விடப்பட்டவை

நினெற் டி வல்வா 1931 இல் நிறுவிய பலேக் குழு, பின்னாளில் சாட்லர்ஸ் வெல்ஸ் பலே எனப் பெயர்பெற்றது. 1939 செப்ரெம்பரிற் போர் மூண்டபோது அதற்கு வயது எட்டே ஆண்டுகள். அரங்குகள் சில காலம் மூடப்பட்டன. மீண்டும் ஆட்டம் தொடங்கியபோது வாத்தியக் குழுவுக்குப் பதிலாக இரண்டு பியானோக்கள் மாத்திரமே இருந்தன. குழுவின் இசை நெறியாளர் கொன்ஸ்ரன்ற் லாம்பேட் தாமே ஒன்றின்முன் அமர்ந்து வாசித்தார்.

1940 மே மாதத்தில் இக்குழு ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டது. அங்கு அது இருந்தபோதே, மே 10 ஆம் திகதி ஜேர்மன் படைகள் அந்நாட்டுக்குள் நுழைந்தன. ஆடுவோர் உயிர் தப்பி நாடு திரும்பினர். ஆனால் அவர்கள் கொண்டுசென்ற காட்சித் திரைகளும் உடைகளும் இசைச் சுவடிகளும் அங்கேயே விடப்பட்டன. 1938 இல் பிரெடெரிக் அஷ்ரன் அமைத்த 'ஹொறஸ்கோப்' என்னும் ஆக்கம், உடையும் முழு இசைச் சுவடியும் ஒருங்கே தொலைந்தமையால், மீண்டும் மேடை காணவேயில்லை. டி வல்வாவின் 'செக்மேற்' தன் உடைகளை இழந்து, 1947 இற் புதிய வடிவமைப்போடுதான் திரும்பிவந்தது. எழுத்திற் பதியாது ஆடுவோர் உடலிலேயே வாழும் ஒரு கலைக்கு இத்தகைய பொருட்கள் எவ்வளவு இன்றியமையாதன என்பதை அவ்விழப்பு காட்டிற்று. ஒரு நூலின் பிரதி எரிந்தால் இன்னொரு பிரதி எங்கேனும் இருக்கும். மேடைக் கோலத்துக்குப் பிரதி இல்லை.

அளந்து வழங்கப்பட்ட துணி

1941 யூன் 1 ஆம் திகதி பிரித்தானியாவில் ஆடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள் வழங்கப்பட்டன. பின்னர் அத்தொகையும் குறைக்கப்பட்டது. பெண்ணொருத்தியின் கம்பளி உடைக்கு 11 கூப்பன், காலுறைக்கு 2, சப்பாத்துக்கு 5 என ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருந்தது. காசு இருப்பினும் கூப்பன் இன்றேல் துணி இல்லை. 'கூப்பன்' என்ற சொல்லின் பாரத்தை இலங்கை வாசகருக்கு விளக்கவேண்டுவதில்லை. 1942 இல் வந்த சிக்கன விதிகள் இதற்கும் ஒருபடி மேலே சென்று, ஓர் உடையில் இத்தனை மடிப்பு, இத்தனை பொத்தான், இத்தனை பை என வரையறுத்தன. நெசவாலைகளும் அவற்றின் தொழிலாளரும் படைத்தேவைகளுக்குத் திருப்பப்பட்டனர். பட்டு பரசூட்டுகளுக்குச் சென்றது.

பலேக் கலைஞரின் நிலை இங்கு தனித்து நோக்கற்பாலது. விரல்நுனியில் நின்று ஆடும் நங்கையின் சப்பாத்தில் அடிப்பாகம் தோல், வெளிப்புறம் சற்றின், விரல்களைத் தாங்கும் முனை, சாக்குத்துணியையும் கடதாசியையும் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கப்பட்டது. பசை நெகிழ்ந்ததும் சப்பாத்து பயனற்றுப்போகும். நீண்ட பாத்திரம் ஒன்றை ஆடுபவர் ஒரே மாலையில் ஒரு சோடியைத் தேய்த்துவிடுதல் இயல்பு. முனையை நூலாற் பின்னி அதன் ஆயுளைச் சிறிது நீட்டுவது ஆடுவோரின் நெடுநாளைய வழக்கம். பற்றாக்குறைக் காலத்தில் அவ்வழக்கத்தின் பெறுமதி சொல்லாமலே விளங்கும். இடுப்பிலிருந்து கிடையாக விரியும் 'டுட்டு' என்னும் பாவாடையோ பல அடுக்கு வலைத்துணியால் ஆவது. ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கணக்கையே விழுங்கக்கூடிய உடையை அணிந்துகொண்டு, கணக்குப் பார்த்து உடுத்தும் மக்கள்முன் ஆடுதல் எத்தகைய செயல் என்ற ஒழுக்கவியல் வினாவும் இதனோடு எழுந்தது.

இவ்வினாவுக்கு மக்கள் தம் வருகையாற் பதிலளித்தனர் எனலாம். குண்டுவீச்சில் வீடிழந்தோருக்குச் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கு புகலிடமாயிற்று. குழு லண்டனின் நியூ தியேட்டரிலும் வெளியூர்களிலும் ஆடியது. ஆண் கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராகப் படைக்கு அழைக்கப்பட்டனர். அஷ்ரனே விமானப்படைக்குச் சென்றார். ஆயினும் முன்னர் ஒரு சிறு வட்டத்தாரின் கலையாக இருந்த பலே, அப்போர் ஆண்டுகளில்தான் படைவீரரையும் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்ட பெரும் பார்வையாளர் கூட்டத்தைப் பெற்றது.

எளிமை எங்கிருந்து வந்தது?

போர்க்கால எளிமைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சுட்டும் ஆக்கம் அஷ்ரனின் 'டான்ரே சொனாற்றா'. லிஸ்ற்றின் இசைக்கு, ஒளியின் மக்களும் இருளின் மக்களும் மோதும் போராட்டமாக அது அமைக்கப்பட்டது. இதில் ஆடுவோர் வெறுங்காலோடு ஆடினர். பெண்களின் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. டான்ரேயின் காவியத்துக்கு ஃபிளக்ஸ்மன் வரைந்த கோட்டோவியங்களைத் தழுவி, சோஃபி ஃபெடொரோவிச் உடைகளை வடிவமைத்தார். நிழலும் நிறமும் இன்றி வெறும் கோடுகளால் ஆன அவ்வோவியங்களைப் போலவே உடையும் உடலின் கோட்டை மறைக்காது நின்றது.

எனினும் இவ்வாக்கம் முதலில் மேடையேறிய திகதியைக் கவனித்தல் வேண்டும். அது 1940 சனவரி 23. ஆடைப் பங்கீடு வருவதற்கு இன்னும் பதினாறு மாதங்களுக்கு மேல் இருந்தன. சப்பாத்து இல்லாமையால் அவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள் என்று எவரும் சொல்லமுடியாது. விரல்நுனிச் சப்பாத்து நிலத்தை மறுக்கும் கருவி. ஆடுபவளுக்குப் பாரமே இல்லை என்ற மாயையை அது உண்டாக்குகிறது. போலந்து வீழ்ந்து சில மாதங்களே ஆன வேளையில் அந்த மாயை கலைஞருக்கு உவப்பாக இருக்கவில்லை. வெறுங்கால் நிலத்தையும் பாரத்தையும் வேதனையையும் ஒப்புக்கொள்கிறது. ஆகவே இங்கு எளிமை பொருட்பஞ்சத்தின் விளைவாக வரவில்லை. உள்ளடக்கம் வேண்டிநின்ற உருவமாக வந்தது.

மறுபுறத்தே, பங்கீடு நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ ஏழு மாதங்களின் பின், 1942 சனவரியில், றொபேட் ஹெல்ப்மனின் 'கோமஸ்' அரங்கேறியது. மில்ற்றனின் நாடகத்தைத் தழுவிய இவ்வாக்கத்துக்கு ஒலிவர் மெசல் வடிவமைத்த உடையும் காட்சியும் பழைய அரசவைக் களியாட்டங்களின் பொலிவை நினைவூட்டுவன. பஞ்சம் முற்றிய வேளையிலும் கற்பனை செல்வத்தையே நாடியது. அதே ஹெல்ப்மன் 1944 இல் அமைத்த 'மிறக்கிள் இன் த கோர்பல்ஸ்', கிளாஸ்கோ நகரின் சேரியொன்றைக் களமாகக் கொண்டது. எட்வேட் பரா வடிவமைத்த அவ்வுடைகள் சேரிமக்கள் தெருவில் அணிவனவற்றைச் சார்ந்தவை. அங்கே வறுமை, ஆக்கத்தின் பொருளாகவே மேடைக்கு வந்தது.

ஒரே நாட்டில், ஒரே குழுவில், ஒரே போர்க்காலத்தில் இம்மூன்று வேறுபட்ட போக்குகளும் நிலவின என்பது குறிப்பிடத்தக்கது. பற்றாக்குறை ஒரு புறநிலை உண்மை. அது அழகியலாக மாறவேண்டுமெனில், ஒரு கலைஞர் அதனைத் தம் நோக்கத்துக்கு ஏற்ப ஏற்கவோ எதிர்க்கவோ வேண்டும்.

மேடையிலிருந்து தெருவுக்கு

போர்க்காலத்தில் மேடையுடை தெருவுடையைப் பாதித்த விதத்தைக் கருதினால் இவ்வுண்மை மேலும் தெளிவுபெறும். இதற்கு அமெரிக்காவை நோக்கவேண்டும். அங்கு 1942 இல் ஆடைத் துணியின் அளவு அரசாணையால் வரையறுக்கப்பட்டது. 1943 பெப்ரவரியில் தோற் சப்பாத்துகள் பங்கீட்டுக்கு உள்ளாயின. நடனச் சப்பாத்து அப்பங்கீட்டில் அடங்கவில்லை. வடிவமைப்பாளர் கிளெயர் மக்கார்டெல், நடனச் சப்பாத்துகள் செய்யும் கப்பேசியோ நிறுவனத்தைக் கொண்டு, பலேப் பயிற்சியில் அணியும் தட்டையான மென்சப்பாத்துக்குச் சற்று உறுதியான அடி அமைப்பித்துத் தம் உடைகளோடு சேர்த்து அளித்தார். உடலோடு ஒட்டிய 'லியோடாட்' என்னும் நடனப் பயிற்சியுடையும் 1943 அளவில், வெப்பம் குறைந்த அறைகளிற் குளிர்தாங்கும் உடையாகக் கல்லூரிப் பெண்களுக்கு முன்வைக்கப்பட்டது.

போர்க்காலப் பெண் பலேயிடமிருந்து எதனைக் கடன்வாங்கினாள் என்பதே இங்கு சிந்திக்கத்தக்கது. அவள் எடுத்துக்கொண்டது தேவதையின் சிறகையோ அன்னத்தின் இறகையோ அன்று. பயிற்சிக்கூடத்தில் வியர்வை சிந்தும் ஆடலாளின் வேலையுடையை. பலேக்கு எக்காலத்திலும் இரண்டு உடைகள் உண்டு. ஒன்று காலையிற் கண்ணாடிமுன் உழைக்கும்போது அணியும் பயிற்சியுடை. மற்றது மாலையில் விளக்கொளியில் அணியும் கனவுடை. பார்வையாளர் பின்னதையே அறிவர். முன்னது திரைக்குப் பின்னால் நின்றுவிடும். ஆலையிலும் அலுவலகத்திலும் ஆண்கள் விட்டுச்சென்ற வேலையை ஏற்ற பெண்களுக்கு அந்த முன்னது பொருந்திற்று. தானும் உழைப்பவள் என்ற காரணத்தால் உழைக்கும் ஆடலாளின் உடை அவளுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

ஜேர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து 1944 ஓகஸ்ற்றில் விடுபட்ட பாரிஸ் நகரில் இவ்விரு உடைகளும் ஒரே மாதத்தில் ஒரே கலைஞரின் கையிலிருந்து பிறந்தன. கிறிஸ்ரியன் பெறாட் என்னும் ஓவியர், 1945 மார்ச்சில் றோலண்ட் பெற்றியின் 'லே ஃபொறைன்' என்ற பலேக்கு வடிவமைப்பளித்தார். ஊர் ஊராகத் திரியும் ஏழைக் கூத்தாடிகள் மூட்டையை அவிழ்த்துத் தம் வித்தையைக் காட்டுகின்றனர். கூட்டம் காசு போடாமற் கலைந்துபோகிறது. அவர்கள் மீண்டும் மூட்டை கட்டுகின்றனர். இதுவே அதன் கதை. அதே மாத இறுதியில், பாரிசின் பெரும் தையலகங்கள் கம்பியாற் செய்த சிறு பாவைகளுக்கு உடை தைத்து அளித்த 'தெயாத்ர் த லா மோட்' என்ற கண்காட்சி திறக்கப்பட்டது. அதன் கலை நெறியாளரும் பெறாட்டே. முழு அளவு உடைக்குத் துணி இல்லாத நகரம், மனித உருவில் மூன்றிலொரு பங்கே உயரமான பாவைகளின்மேல் தன் கைத்திறனைக் காட்டியது. ஒன்று இல்லாமையை மேடையில் ஒப்புக்கொண்டது. மற்றது அளவைச் சுருக்கி மிடுக்கைக் காப்பாற்றிக்கொண்டது.

ஒன்பது வார இடைவெளியில் இரு விடைகள்

மீண்டும் லண்டனுக்கு வருவோமானால், இப்பிரச்சினையின் மையம் 1946 ஆம் ஆண்டில் உள்ளது. போர்க்காலத்தில் பொதுமக்கள் சோடி சேர்ந்து ஆடும் கூடமாக விடப்பட்டிருந்த கொவென்ற் கார்டன் அரங்கு, அவ்வாண்டு பெப்ரவரி 20 ஆம் திகதி சாட்லர்ஸ் வெல்ஸ் குழுவின் 'துயிலும் அழகி'யோடு மீளத் திறக்கப்பட்டது. ஒன்பது வாரங்களின் பின், ஏப்ரல் 24 இல், அதே மேடையில் அஷ்ரனின் 'சிம்பொனிக் வேரியேஷன்ஸ்' அரங்கேறியது. இரண்டிலும் முதன்மை ஆடலாள் மார்கொற் ஃபொன்ரெய்ன். இரண்டும் போர் முடிந்த ஓராண்டுக்குள், பங்கீடு நீடித்த காலத்திலேயே வந்தவை. ஆடைப் பங்கீடு 1949 மார்ச் வரை நீங்கவில்லை.

'துயிலும் அழகி'யை வடிவமைத்தவர் ஒலிவர் மெசல். தூண்களும் மாடங்களும் நிறைந்த மாளிகை, தேவதைகள், அரசவையினர், நூறாண்டு இடைவெளியைக் காட்டும் இருவேறு காலத்து உடைகள் எனப் பெருந்தொகையான துணியை வேண்டிநின்ற ஆக்கம் அது. அரங்கைச் சேர்ந்தவர்கள் தம் சொந்தக் கூப்பன்களை அளித்து உதவினர் என்பது அத்தயாரிப்பைப் பற்றி வழங்கிவரும் செய்தி. மெசலோ மலிவான சில்லறைப் பொருட்களிலிருந்து அணிகலனையும் முடியையும் தோற்றுவிக்கும் கைவினையில் வல்லவர். பார்வையாளர் கண்ட செல்வம், அருகிற் சென்று பார்த்தால் ஏழைமையின் சாமர்த்தியமாக இருந்தது.

இவ்வாக்கத்தைச் சமூகநோக்கிற் குறைகாண்பது எளிது. 1945 யூலையில் தொழிற்கட்சியைப் பெரும்பான்மையோடு ஆட்சியில் அமர்த்திய மக்களுக்கு, அரசகுடும்பம் நேரில் வந்திருந்த அரங்கில், அரசவையின் மகிமையைப் பாடும் கதை காட்டப்பட்டது. எளியோரின் கூப்பன்கள் மேடை அரசருக்கு மேலங்கியாயின எனக் கடுமையாகவே கூறிவிடலாம். ஆயின் அக்கூற்று முழு உண்மையாகாது. அவ்வரங்கை மீட்டெடுப்பதில் முன்னின்றவர் பொருளியலாளர் கெயின்ஸ். போர்ச் செலவுக்காக மக்கள் தம் நுகர்வைப் பின்தள்ளவேண்டும் என 1940 இல் வாதிட்டவரும் அவரே. பின்தள்ளப்பட்ட நுகர்வு ஒருநாள் மக்களுக்குத் திரும்பக் கிடைக்கவேண்டும் என்பதும் அவ்வாதத்தின் பகுதி. இருளடைந்த மாளிகை நூறாண்டுத் துயிலிலிருந்து விளக்கேற்றி எழும் காட்சியை, இருட்டடிப்பில் ஆறாண்டு வாழ்ந்த நகரத்தவர் தம் கதையாகவே கண்டிருப்பர். அழகிய பொருளைக் காணும் உரிமை செல்வருக்கு மாத்திரம் உரியதன்று என்ற எண்ணம் அப்பகட்டின் பின்னால் இருந்தது. அதனை வெறும் தப்பியோடல் என ஒதுக்குவது, பசித்தவனின் பசியைக் குறைகூறுவது போலாகும்.

'சிம்பொனிக் வேரியேஷன்ஸ்' இதற்கு நேர் எதிரானது. பரந்த மேடையில் ஆறுபேர் மாத்திரமே. கதை இல்லை, பாத்திரம் இல்லை. சீசர் பிராங்கின் இசை ஒலிக்கும் காலம் முழுவதும் ஆறுபேரும் மேடையைவிட்டு நீங்குவதில்லை. ஃபெடொரோவிச் அவர்களுக்கு வெண்மையை அடிப்படையாகக் கொண்ட மெல்லிய, குறுகிய உடைகளை அளித்தார். பின்திரை இளம் பச்சை. அதன்மேல் வளைந்தோடும் கருங்கோடுகள். ஆடலாளர் மைக்கல் சோம்ஸ் காயமுற்றமையால் அரங்கேற்றம் பிற்போடப்பட்டது. கிடைத்த காலத்தில் அஷ்ரன் எதையும் சேர்க்காமல், மிகையென்று பட்டவற்றை நீக்கினார். ஃபெடொரோவிச்சின் வழியும் அதுவே. எதனை எடுத்துவிட்டாலும் எஞ்சுவது நிற்குமோ அதனை எடுத்துவிடுவது அவர் கலையின் நெறி.

இவ்வெளிமை கூப்பன் இன்மையால் வந்தது எனக் கொள்ளமுடியுமா? ஒன்பது வாரங்களுக்கு முன் ஓர் அரசவை முழுவதற்கும் துணி தேடிக்கொண்ட அரங்கு, ஆறுபேருக்குத் தேட இயலாதிருந்திருக்கும் என நம்புவது கடினம். முதலாவதற்கே எல்லாம் செலவாகிவிட்டது என எவரேனும் வாதிடின், அதற்குக் காலம் விடையளிக்கிறது. துணிக்குக் குறைவே இல்லாத பிற்காலத்திலும் இவ்வாக்கம் ஃபெடொரோவிச்சின் அதே கோலத்திலேயே ஆடப்பட்டுவருகிறது. அவ்வுடையை மாற்றினால் ஆட்டமே வேறாகிவிடும் என்ற அளவுக்கு இரண்டும் ஒன்றியுள்ளன.

கனவுடையின் மீள்வருகை

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தெருவுடை மீண்டும் கனவுடையை நாடியது. 1947 பெப்ரவரி 12 இல் கிறிஸ்ரியன் டியோர் பாரிசில் முன்வைத்த உடைகள், இறுகிய இடையும் கெண்டைக்கால்வரை இறங்கும் அகன்ற பாவாடையுமாக, பழைய பலே நங்கையின் நீண்ட டுட்டுவை நினைவூட்டின. பங்கீடு நீங்காத நாடுகளில் அத்துணி விரயம் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆயினும் அப்பாணி பரவியது. மேடையிலோ இதற்கு மாறான போக்கு ஒன்று தோன்றிற்று. நியூயோர்க்கில் ஜோர்ஜ் பலன்ஷின் 1946 இல் அமைத்த 'த ஃபோர் ரெம்பறமென்ற்ஸ்', தொடக்கத்தில் உடலையே மறைக்கும் சிக்கலான உடைகளோடு வந்தது. 1951 இல் அவர் அவற்றை அகற்றிப் பயிற்சியுடையிலேயே அதனை ஆடச் செய்தார். போர்ப் பங்கீடு எல்லாம் அமெரிக்காவில் நீங்கியிருந்த காலம் அது. துணி தாராளமாகக் கிடைத்தபோதுதான் அம்மேடை துணியைக் களைந்தது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், போர் கலைக்கு எளிமையைக் கற்பித்தது என்னும் கூற்று திருத்தம் வேண்டுவதாகிறது. போர் கற்பித்தது எளிமையை அன்று, துணியின் விலையை. ஒரு முழத் துணிக்கும் கணக்குக் கொடுக்கவேண்டியிருந்தபோது, மேடைமீது எதனையும் காரணமின்றி அணிய இயலாதாயிற்று. மெசல் அக்காரணத்தை மக்களின் ஏக்கத்திற் கண்டார். ஃபெடொரோவிச் அதனை ஆடும் உடலின் உண்மையிற் கண்டார். இருவரும் தாம் தெரிந்தெடுத்ததை அறிந்தே தெரிந்தெடுத்தனர். மெசலின் கோலம் 1968 இல் வேறு வடிவமைப்புக்கு இடம்விட்டு, 2006 இல் மீண்டும் அதே அரங்குக்குத் திரும்பியது. ஃபெடொரோவிச்சின் கோலம் மாற்றம் வேண்டாமலே நின்றது. மக்களின் ஏக்கம் காலந்தோறும் வேறு வடிவம் கொள்ளும். ஆடும் உடலின் கோடு மாறுவதில்லை. இவ்வகையில் நோக்கின், இரண்டாவதே ஆழமான வெற்றி என்று கொள்ள இடமுண்டு. ஆயினும் முதலாவது இன்றி அந்த 1946 ஆம் ஆண்டு முழுமைபெற்றிராது.

போரைத் தன் வாசலிற் கண்ட எந்தச் சமூகத்தின் கலைக்கும் இவ்வினா அந்நியமன்று. பஞ்சகாலத்து மேடையில் வெறுமை காணப்படின், அதனை உடனே எளிமை எனப் புகழ்தலும், பொலிவு காணப்படின் அதனைப் பொறுப்பின்மை எனப் பழித்தலும் திறனாய்வாகா. அந்த வெறுமை தெரிந்தெடுக்கப்பட்டதா, அந்தப் பொலிவு யாருக்காக நெய்யப்பட்டது என்று கேட்பதே திறனாய்வாளனின் கடன். அவ்வாறு கேட்கும்போது, ஆகார்யம் கட்டுரையின் கடைசிப் பந்தியிலிருந்து தனக்குரிய இடத்துக்கு வந்துசேரும்.